வேடந்தாங்கலில் ஒரு காலை நடை: முதல் தடவை போகிறவர்களுக்கு

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு நான் முதல் தடவை போனது ஒரு செப்டம்பர் மாதம். வாசல் பூட்டியிருந்தது. "ஏரியில தண்ணியே இல்லீங்க, பறவை எங்கேருந்து வரும்? தீபாவளி கழிச்சு வாங்க" என்றார் டீக்கடைக்காரர். இரண்டாம் தடவை ஜனவரியில் போனேன். ஆனால் அன்று காணும் பொங்கல். போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. கரை முழுக்க ஆட்கள், வெயில், சத்தம். பறவைகள் தூரத்து மரங்களில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. கூட வந்த என் மகள், "இதுக்கா அப்பா இவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

மூன்றாம் தடவை ஒரு புதன்கிழமை, விடிவதற்கு முன்பே வாசலில் நின்றோம். அன்று பார்த்ததை அவள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதே ஏரி, அதே மரங்கள். மாதமும் மணியும் மட்டும்தான் வேறு.

அதன்பிறகு பலமுறை போய்விட்டேன். எங்கள் தெருப் பிள்ளைகளையும் கூட்டிப் போனேன். முதல் இரண்டு தடவை எனக்கு வீணானது உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊரின் பழைய கதைகளுக்குள் போகவில்லை. எப்போது போவது, எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், போனபின் என்ன செய்வது, அவ்வளவுதான்.

1. முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்தில் இருக்கிறது. அடிப்படையில் அது ஒரு பாசன ஏரி, பரப்பு சுமார் 30 ஹெக்டேர். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால், உள்ளே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் பூனையோ கீரியோ மரத்தருகே வர முடியாது. பறவைகள் கூடு கட்ட இந்த இடத்தைத் தேடி வர அது ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் இல்லாத வருடம் பறவையும் குறைவு. ஆகவே நாள்காட்டியோடு மழையையும் பாருங்கள்.

பொதுவாக நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவம். அதற்குள்ளும் மாதத்துக்கு மாதம் காட்சி மாறும்.

நவம்பரில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கொக்குகளும் இடம் பிடித்துக் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். அப்போது மழை வரும், போகும். நனையத் தயாராகப் போங்கள். டிசம்பர், ஜனவரியில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன் எல்லாம் சேர்ந்து மரங்கள் வெள்ளையடித்ததுபோல் இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. கூட்டில் குஞ்சுகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் சரி. மார்ச்சில் வெயில் ஏறிவிடும். ஆனால் பறக்கப் பழகும் இளம் பறவைகளைப் பார்க்கலாம், கூட்டமும் இருக்காது.

கோடையில் போகவே வேண்டாம். பறவைகள் கிளம்பியபின் சரணாலயத்தை மூடிவிடுவதும் உண்டு.

2. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்

மாதம் சரி என்பதற்காக உடனே கிளம்பிவிடாதீர்கள். மழை தள்ளிப்போன வருடத்தில் டிசம்பரிலும் ஏரி அரைகுறையாக இருக்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பறவை ஆர்வலர்கள் தாங்கள் பார்த்த பறவைகளை இ-பேர்டு தளத்தில் பதிவிடுவார்கள். அதில் வேடந்தாங்கல் என்று தேடினால் கடைசியாக யார் எந்தத் தேதியில் எத்தனை கூழைக்கடா, எத்தனை நாரை பார்த்தார்கள் என்று பட்டியல் வரும். போன வாரத்துப் பட்டியலில் நூற்றுக்கணக்கில் எண் இருந்தால் தயங்காமல் கிளம்புங்கள். ஐந்தாறு இனம்தான், அதுவும் ஒற்றை இலக்க எண்ணிக்கையில் என்றால் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். காசும் இல்லை, கணக்குத் தொடங்கப் பத்து நிமிடம் ஆகும். இது தெரிந்திருந்தால் அந்த செப்டம்பர் பயணத்தை நான் போயிருக்கவே மாட்டேன்.

பறவைக் காய்ச்சல் போன்ற காரணங்களால் சில சமயம் பார்வையாளர்களை நிறுத்திவைப்பார்கள். முந்தைய நாள் செய்தியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

3. கிழமையும் மணியும்

பருவத்தில் சரணாலயம் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நம் பக்கம் சூரியன் எழுவது ஏறக்குறைய 6.00லிருந்து 6.35க்குள். அதாவது வாசல் திறக்கும்போதே உள்ளே போனால் விடிவதைக் கரைமேல் நின்று பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? வக்கா என்கிற இராக்கொக்கு இரவெல்லாம் இரை தேடிவிட்டுத் திரும்பும் நேரம் அது. பகலில் இரை தேடும் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் அதே நேரத்தில் வரிசை வரிசையாக வெளியே கிளம்பும். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே வானத்தில் நடக்கும் அந்த முக்கால் மணி நேரம் பத்து மணிக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்காது. அப்புறம் ஒன்பது, ஒன்பதரை வாக்கில் தரை சூடாகி வெப்பக்காற்று மேலே எழும். கூழைக்கடாக்களும் நாரைகளும் அந்தக் காற்றில் ஏறி, இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டுப் புள்ளியாக மறைந்து, தூரத்து ஏரிகளுக்குப் போகும். அதைப் பார்த்தபின் கிளம்பலாம். ஆறிலிருந்து ஒன்பதரை வரை, மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கிழமையைப் பொறுத்தவரை, செவ்வாய் முதல் வியாழன் வரை எது கிடைத்தாலும் விடுப்பு போட்டுப் போங்கள். ஞாயிறுதான் முடியும் என்றால் ஆறு மணியைத் தவறவிடாதீர்கள். எட்டரைக்கு மேல் வண்டிகள் வரத் தொடங்கும். பொங்கல் விடுமுறை நாட்களையும் காணும் பொங்கலையும் முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வண்டிகளால், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையே நகராது.

4. போகும் வழியும் ஆகும் செலவும்

சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்ரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும்.

சொந்த வண்டி: தாம்பரத்திலிருந்து 4.30க்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வாசலில் நிற்கலாம். அடையாறு, வேளச்சேரிப் பக்கம் என்றால் நான்கு மணி. பரனூர் சுங்கச்சாவடி வரும், ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். படாளத்தில் திரும்பியபின் கிராமத்துச் சாலை. மார்கழியில் பனி இறங்கியிருக்கும், தையில் அறுத்த நெல்லைச் சாலையோரம் காயப்போட்டிருப்பார்கள், வேகத்தடையும் அதிகம். அங்கே மெதுவாகவே போங்கள். நாங்கள் நான்கு பேர் காரில் போனபோது பெட்ரோலும் சுங்கமும் சேர்த்துச் சுமார் 1,400 ரூபாய் ஆனது.

பேருந்து: கிளாம்பாக்கத்தில் மதுராந்தகம் வழியாகப் போகும் வண்டியில் ஏறி, மதுராந்தகத்தில் இறங்கி, அங்கிருந்து வேடந்தாங்கல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஏறும்போதே "மதுராந்தகம் ஊருக்குள்ளே போகுமா, பைபாஸா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போக வர ஆளுக்கு 200, 250 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் வேடந்தாங்கல் பேருந்து அடிக்கடி இல்லை. வீட்டிலிருந்து விடியற்காலை கிளம்பி இப்படிப் போனால் எட்டு மணிக்கு முன் சேர முடியாது. மின்சார ரயிலில் செங்கல்பட்டு வரை போய் அங்கிருந்து பேருந்து பிடித்தாலும் இதே கதைதான்.

பேருந்தில்தான் போக முடியும் என்பவர்கள் முதல் நாள் இரவே மதுராந்தகத்திலோ செங்கல்பட்டிலோ தங்கிவிடுங்கள். காலை ஐந்தரைக்கு வரச் சொல்லி ஓர் ஆட்டோவை முந்தைய மாலையே பேசி வையுங்கள். போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றையும் சேர்த்துப் பேச வேண்டும். நான் ஒருமுறை கொடுத்தது 900 ரூபாய். காத்திருப்பு எத்தனை மணி நேரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எட்டு மணிக்கே ஹார்ன் சத்தம் கேட்கும். வனத்துறையின் ஓய்வு இல்லமும் ஊரில் உண்டு. அதற்கு முன்பதிவு வேண்டும், பெட்டியோடு நேராகப் போய் நிற்க வேண்டாம்.

செயலியில் புக் செய்யும் டாக்ஸியை நம்பி ஒருவழிப் பயணமாகப் போகாதீர்கள். போவதற்கு வண்டி கிடைத்துவிடும், திரும்ப அங்கே ஒரு வண்டியும் காட்டாது. எனக்குத் தெரிந்த வயதான தம்பதியர் இப்படிப் போய், வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று, கடைசியில் பால் வண்டியில் படாளம் வரை வந்தார்கள்.

5. எடுத்துப் போக வேண்டிய தாள்கள்

குடும்பமாக நான்கைந்து பேர் போவதற்குப் பெரிய காகித வேலை எதுவும் இல்லை. பெரியவர்களில் ஒருவரிடமாவது ஆதார் போன்ற அடையாள அட்டை இருந்தால் போதும். நுழைவுச் சீட்டை வாசலிலேயே வாங்கலாம்.

குழுவாகப் போவதென்றால் கொஞ்சம் தயாராக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளோ குடியிருப்புப் பிள்ளைகளோ பதினைந்து பேருக்கு மேல் போகும்போது, வனச்சரக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி பத்துப் பதினைந்து நாள் முன்பே சேர்த்துவிடுவது நல்லது. அதில் தேதி, வந்து சேரும் நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் பெயரும் கைப்பேசி எண்ணும், வண்டி எண் ஆகியவை இருக்கட்டும். பெயர்ப் பட்டியலை இரண்டு நகலாக எடுங்கள், ஒன்று கொடுக்க, ஒன்று உங்கள் கையில். மாணவர் சலுகை கேட்பதாக இருந்தால் பள்ளித் தாளில் தலைமை ஆசிரியர் கையெழுத்துடன் கடிதம் வேண்டும்.

பெற்றோரின் சம்மதக் கடிதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டாயம் வாங்குங்கள். அதில் "என் பிள்ளையை அழைத்துப் போகலாம்" என்ற ஒரு வரி போதாது. மூச்சிரைப்பு, ஒவ்வாமை, வண்டியில் வாந்தி வருவது, தினமும் எடுக்கும் மருந்து என்று எல்லாம் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். நான் முதல் தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது இதைச் செய்யவில்லை. வேனில் பாதி வழியில் ஒரு பையனுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் வீட்டில். அவனுக்கு அது தேவை என்பதே எனக்குத் தெரியாது. செங்கல்பட்டிலேயே வண்டியைத் திருப்பி மருத்துவமனைக்குப் போனோம். பையன் நன்றாகிவிட்டான். ஆனால் அந்த அரை மணி நேரம் நான் பட்ட பயம் எந்தப் பெரியவருக்கும் வரக் கூடாது. அதற்குப்பின் இன்ஹேலரைப் பிள்ளையின் பையில் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். கடிதம் கொடுத்தாலும் சாதாரணப் பார்வையாளருக்கு அதற்கு அனுமதி இல்லை.

6. பையில் என்ன

ரொக்கம், சில்லறையாக. தலைக்கு 100 ரூபாய் என்று எடுத்து வைத்தால் நுழைவு, வண்டி நிறுத்தம், டீ எல்லாம் அதற்குள் அடங்கும். கேமராவுக்குத் தனிக் கட்டணம். யு.பி.ஐ.யை மட்டும் நம்ப வேண்டாம், அந்தப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும்.

இருநோக்கி, அதாவது பைனாகுலர், ஒன்றாவது வேண்டும். இது இல்லாமல் போவது பாதிப் பயணம்தான். புதிதாக வாங்குவதென்றால் 8×42 அல்லது 8×40 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். கடைக்காரர் 20×, 30× என்று ஆசை காட்டுவார். கை நடுக்கமும் அத்தனை மடங்கு தெரியும், ஒரு பறவையும் நிலையாக நிற்காது. அடிப்படையான நல்லது ஆறேழாயிரம் ரூபாயில் கிடைக்கும். முதல் தடவைக்கு யாரிடமாவது இரவல் வாங்குங்கள், பிடித்தால் அப்புறம் வாங்கலாம். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் சரி, நான்கு பேருக்கு ஒன்று என்றால் பிள்ளைகளுக்குள் சண்டைதான்.

உடை மண் நிறம், இலைப் பச்சை, சாம்பல். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். தலைக்குத் தொப்பி வெயிலுக்கு மட்டுமல்ல, பறவைகள் தலைக்கு மேலேயும் பறக்கும் இடம் அது. நவம்பரில் குடைக்குப் பதில் மழைக்கோட்டு. குடையை விரித்தால் அருகில் இருக்கும் பறவை எழுந்துவிடும்.

தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். இட்லியோ சப்பாத்தியோ வாழை இலையில் கட்டி வண்டியில் வைத்துவிடுங்கள். சாப்பாடு வெளியே வந்தபிறகுதான். பிளாஸ்டிக் பையும் நொறுக்குத் தீனிப் பொட்டலமும் கரைக்குப் போகவே கூடாது.

7. வாசலில்

கழிப்பறை வேலையை வண்டி நிறுத்தும் இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். கரையில் பாதி தூரம் போனபின் சின்னப் பிள்ளை அடம்பிடித்தால் நல்ல நேரம் போய்விடும்.

கைப்பேசியைச் சத்தமில்லாமல் வையுங்கள். கேமராவில் ஃபிளாஷை அணையுங்கள். வாசனைத் திரவியம், பாட்டு, பந்து, இவை எதுவும் வேண்டாம். கட்டணச் சீட்டைத் தூக்கி எறியாமல் வெளியே வரும்வரை வைத்திருங்கள்.

8. கரைமேல் நடப்பது

இங்கே நடை என்பது மலையேற்றம் அல்ல. ஏரிக்கரை மேலே சமமான பாதை, மர நிழல், உட்காரப் பெஞ்சு, ஒரு காட்சிக் கோபுரம். அறுபத்தெட்டு வயதில் என் அம்மா முட்டிவலியோடு நடந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வேகமாக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் பலர் "ஒன்றுமில்லை" என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். இருபது அடி நடந்து, பத்து நிமிடம் நிற்பது. இந்தக் கணக்கில் போங்கள்.

எல்லோரும் நேராகக் கோபுரத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். முதலில் கரைக்குப் பக்கத்தில் கூடுகள் இருக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் எதிரில் பெஞ்சு இருந்தால் உட்காருங்கள். அந்த ஒரு மரத்தை மட்டும் இருபது நிமிடம் பாருங்கள்.

நாங்கள் அப்படி உட்கார்ந்த அன்று ஏழேகால் இருக்கும். ஒரு நத்தைகுத்தி நாரை பக்கத்து மரத்தில் இறங்கி, இலையோடு ஒரு பச்சைக் கொம்பை அலகால் பிடித்து முறுக்கியது. கொம்பு உடையவில்லை. இறக்கையை அடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தது. நான்காவது இழுப்பில் கொம்பு வந்தது, நாரை கிளையிலிருந்து தடுமாறி விழப்போய்ச் சமாளித்துப் பறந்து கூட்டுக்கு வந்தது. அங்கே உட்கார்ந்திருந்த துணை எழுந்து அலகுகளைக் கடகடவென்று தட்டியது. கொம்பை வாங்கி, கூட்டின் ஒரு பக்கம் செருகி, தலையைச் சாய்த்துப் பார்த்து, பிடுங்கி, மறுபக்கம் செருகியது. மகள் இருநோக்கியை எனக்குத் தரவே இல்லை.

அந்த அலகைக் கவனியுங்கள். மூடியிருந்தாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். வயலில் பிடிக்கும் நத்தையைக் கையாள ஏற்ற அலகு அது, பெயரும் அதனால்தான். குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பிப்ரவரியில் போனால் தாயையும் குஞ்சையும் பக்கத்தில் வைத்து இதை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடையாளம் காண எளிதானவற்றிலிருந்து தொடங்குங்கள். அலகுக்குக் கீழே பை தொங்கும் பெரிய பறவை கூழைக்கடா. மஞ்சள் அலகும் முதுகுப் பக்கம் இளஞ்சிவப்பு இறகும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. அதன் இளம் பறவைக்கு அந்தச் சிவப்பு வந்திருக்காது, அழுக்குச் சாம்பலாக இருக்கும், வேறு இனம் என்று ஏமாறாதீர்கள். தட்டையான அலகைத் தண்ணீரில் வலமும் இடமும் வீசிக்கொண்டே நடப்பது கரண்டிவாயன். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே பாம்புபோல் தெரிந்தால் பாம்புத்தாரா. இறக்கையை விரித்து, துணி உலர்த்துவதுபோல் உட்கார்ந்திருப்பது நீர்க்காகமாகவோ பாம்புத்தாராவாகவோ இருக்கும், கழுத்து நீளத்தைப் பார்த்துப் பிரியுங்கள். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் கூட்டில் நாரைகள் இறக்கையைக் குடைபோல் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். அதற்காகவே கொஞ்ச நேரம் கூட இருங்கள்.

பெயர் தெரியாவிட்டால் மெர்லின் செயலி உதவும், இலவசம்தான். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள், கரையில் இறங்காது.

இங்கே இருக்கும் எல்லாமே சைபீரியாவிலிருந்து வந்தவை என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன் எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகள்தான். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வாத்துகள்தான் வடக்கே வெகுதூரத்திலிருந்து குளிர்காலம் கழிக்க வருபவை. அவை இங்கே கூடு கட்டாது. மரத்தில் தேடாதீர்கள், தண்ணீரில் பாருங்கள்.

காற்று உங்கள் பக்கம் திரும்பினால் எச்ச வாடை பலமாக அடிக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் காரணத்தைச் சொல்லுங்கள். அந்த எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் சுற்றியுள்ள வயல்களுக்கு உரமாகிறது. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காத்துவருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்யக் கூடாதவை சில உண்டு, இவற்றில் நான் கண்டிப்பானவன். கை தட்டிப் பறவையைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பது பெரிய தவறு. தாய் எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காகம் அந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருக்கிறது. பொரி, பிஸ்கட் எதுவும் போடாதீர்கள். கீழே கிடக்கும் இறகை எடுத்துப் பையில் போடாதீர்கள். விழுந்த குஞ்சைப் பார்த்தால் தொடாமல் ஊழியரிடம் சொல்லுங்கள். சரணாலயத்துக்குள் பறவைகளைத் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளிடம் இதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய்க் கத்த வேண்டாம்.

9. எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். தேதி, நேரம், எந்த மரம், எத்தனை கூடு, குஞ்சு உண்டா. எண்ணுவதற்குப் பத்துப் பத்தாகக் கண்ணால் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அதை இ-பேர்டில் ஏற்றினால், அடுத்த வாரம் போக நினைக்கிற ஒருவருக்கு உங்கள் பட்டியல்தான் வழி காட்டும். பொங்கலை ஒட்டி ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு வேடந்தாங்கல் வரை போக வேண்டியதில்லை, மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலும் கணக்கில் சேரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல பயிற்சி.

10. திரும்பும் வழியில்

ஒன்பதரைக்கு வெளியே வந்து இட்லியைச் சாப்பிடுங்கள். இலையையும் மிச்சத்தையும் வீட்டுக்கே எடுத்துவந்துவிடுவது நல்லது. இன்னும் தெம்பு இருந்தால் பத்து கிலோமீட்டரில் கரிக்கிலி பறவைகள் சரணாலயம். வேடந்தாங்கலைப் போலவே அதுவும் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆழம் குறைந்த ஏரி, கூட்டம் கிடையாது, வாத்துகளையும் சேற்றில் இரை பொறுக்கும் சிறு பறவைகளையும் பார்க்க அது இன்னும் வசதி. ஆனால் அங்கே கடை எதுவும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீரை வேடந்தாங்கலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கரிக்கிலியை அடுத்த தடவைக்கு வையுங்கள், நான்கு மணிக்கு எழுந்தவர்கள் பத்து மணிக்கு அழத் தொடங்குவார்கள்.

பதினொன்றுக்குள் படாளம் வந்துவிட்டால் சென்னைக்குப் பன்னிரண்டரை, ஒரு மணிக்குச் சேர்ந்துவிடலாம். ஞாயிறு மாலை வரை நீட்டினால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்துதான் வர வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் விடியற்காலையிலிருந்து விழித்திருக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். படாளத்தில் நிறுத்தி அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், கால் மணி நேரம் கண்ணை மூடவும் விடுங்கள்.